புதுப்பிப்பு: அரிசி வண்டா, மக்காச்சோள வண்டா?

கொத்தவால்சாவடி அரிசி மூட்டையில் பிடித்த மூக்கு வண்டுகளின் படம் போட்டு, என்ன இனம் என்று முன்பு கேட்டிருந்தேன். "முதுகில் நாலு செம்புள்ளி, அரிசி வண்டுதான்" என்றார்கள் பலர். அந்தப் புள்ளி அரிசி வண்டு (சைட்டோஃபிலஸ் ஒரைசே), மக்காச்சோள வண்டு (சைட்டோஃபிலஸ் சீமேய்ஸ்) இரண்டுக்கும் உண்டு. உடல் அளவும் தின்னும் தானியத்தைப் பொறுத்து மாறும், நம்பாதீர்கள்.

முன்மார்பின் (தலைக்கு அடுத்த பகுதி) முதுகுப்பக்க நடுக்கோட்டில் குழிகளை எண்ணலாம்: 20க்கு மேல் போனால் சீமேய்ஸ், குறைந்தால் ஒரைசே. எல்லைக்கு அருகில் வரும் வண்டுகளிடம் இதுவும் காலை வாரும். தீர்ப்பு சொல்வது ஆணுறுப்புதான். முதலில் ஆணைப் பிரித்தெடுங்கள்: மூக்கு குட்டையாக, தடித்து, சொரசொரப்பாக இருந்தால் ஆண். வயிற்று நுனியைப் பிரித்து 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், தசை கரையும்வரை இளஞ்சூட்டில் வையுங்கள். கொதிக்கவிட்டால் வடிவம் கெடும். பிறகு கிளிசரினில் போட்டு ஆணுறுப்பின் மேல்முகத்தைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் ஒரைசே; நீளவாக்கில் இரண்டு பள்ளம் ஓடினால் சீமேய்ஸ். இந்த மூட்டை ஆண்களில் பள்ளமே இல்லை, ஆக ஒரைசே.

டிஎன்ஏ பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு கால் போதும், 95% எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், டிஎன்ஏ சிதைந்துவிடும். இனம் காண வழக்கமாகப் படிக்கும் சிஓஐ மரபணுத் துண்டின் வரிசை சுமார் 658 டிஎன்ஏ எழுத்து வரும். நடுவில் நிறுத்தக் குறியீடு (புரதம் கட்டுவதை நிறுத்தச் சொல்லும் மூன்றெழுத்து) தென்பட்டால், நகலெடுத்தது உண்மையான சிஓஐ அல்ல, வேலை செய்யாத போலி மரபணு; ஒதுக்கிவிடுங்கள்.