ஒரே ஆள், நான்கு எசமானர்கள்: துல் நகர ஜானின் உறுதிமொழி பற்றி உதவி தேவை

வணக்கம். இடைக்கால ஐரோப்பிய வரலாறு படித்தவர்கள் யாராவது வழிகாட்டுங்கள்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துல் நகர ஜான் என்ற பிரபு, பிரான்சின் ஷாம்பேன் பகுதியை ஆண்ட சீமாட்டிக்கும் அவர் மகன் திபோவுக்கும் எழுதிக் கொடுத்த விசுவாச உறுதிமொழியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரை எதிர்த்தும் உங்கள் பக்கம் நிற்பேன் என்கிறார். ஆனால் கூசி, ஆர்சி, கிராண்ப்ரே பிரபுக்களுக்குத் தந்த வாக்குக்கு மட்டும் விலக்கு.

அடுத்து வருவதுதான் என்னை உலுக்கியது. கிராண்ப்ரே பிரபு தன் சொந்தப் பகைக்காக ஷாம்பேனோடு மோதினால், ஜான் நேரில் போய் கிராண்ப்ரேவுக்கு உதவுவார். ஷாம்பேனிடம் பெற்ற நிலத்துக்காகத் தரவேண்டிய குதிரை வீரர்களை, அழைப்பு வந்தால், ஷாம்பேனுக்கே அனுப்பிவிடுவார்! கிராண்ப்ரே தன் நண்பர்களுக்காகப் போரிட்டால், ஜான் ஷாம்பேனோடு இருந்துகொண்டு கிராண்ப்ரேவுக்கு ஒரு வீரரை மட்டும் அனுப்புவார்.

அப்படியானால் ஜானின் வீரர்கள் அவரையே எதிர்த்து வாள் தூக்க வேண்டியிருக்குமே? எது சொந்தப் பகை, எது நண்பருக்கான போர் என்று தீர்ப்புச் சொன்னது யார்? 1202இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் அவை, அவருக்குக் கட்டுப்பட்டு பிரான்சில் நிலம் வைத்திருந்தும் அழைத்தபோது வராத இங்கிலாந்து மன்னர் ஜானின் பிரெஞ்சு நிலங்களைப் பறிமுதல் செய்யத் தீர்ப்பளித்தது. சிறு பிரபுக்களுக்கும் அதே கதிதானா?

இதுபோன்ற வேறு ஒப்பந்தங்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள். பிரெஞ்சு மூலமாக இருந்தாலும் பரவாயில்லை, முயன்று படித்துக்கொள்கிறேன்.