அலையில் கைட்சர்ஃபிங்: ஸ்ட்ராப் போர்டா, ஸ்ட்ராப் இல்லாததா?

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருஷமா கைட்சர்ஃபிங்ல (பெரிய பட்டமான கைட் இழுக்க, பலகை மேல நின்னு தண்ணில போறது) ட்வின்டிப்தான், அதாவது ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் போர்டு. இப்போ அலைக்காகவே ஒரு டைரக்‌ஷனல் போர்டு (முன்பக்கம், பின்பக்கம்னு தனித்தனியா இருக்கிறது) வாங்கப் போறேன். ஸ்ட்ராப் (போர்டில் காலை மாட்டிக்கிற பட்டை) வேணுமா, வேண்டாமான்னு முடிவெடுக்க முடியல.

போன வாரம் நண்பரோட போர்டில் ஸ்ட்ராப் இல்லாம ஓட்டிப் பார்த்தேன். அலை முகத்தில் பின்காலை ஃபின்னுக்கு (போர்டுக்கு அடியில் இருக்கும் துடுப்பு) மேல நகர்த்தினதும் சட்டுனு திரும்புச்சு, அந்தச் சுகமே தனி! ஆனா சில்லறை அலைகள் மேல வேகமாப் போகும்போது போர்டு காலை விட்டு நழுவிடுது. ஒவ்வொரு தடவையும் கைட்டைத் தாழ்வா வச்சு, அது உடம்பை இழுக்க, காத்துக்கு எதிரா தண்ணிலேயே போய் போர்டை எடுக்கணும். லீஷ் (போர்டை நம்மோட இணைக்கிற கயிறு) கட்டவும் பயம், போர்டு திரும்பி வந்து தலையில் அடிச்சிடும்.

பலத்த காத்தில் ஸ்ட்ராப்தான் தைரியம். விழும்போது கால் மாட்டிக்கிட்டா கணுக்கால்? முன்காலுக்கு மட்டும் ஸ்ட்ராப் போட்டு ஓட்டுறவங்க இருக்கீங்களா? திரும்பும்போது கால் மாத்துறது சிரமமா இருக்கா? சொல்லுங்க, ப்ளீஸ்.