மனசுக்குள் ஓயாமல் ஓடும் பேச்சு உங்களுக்கு எப்போது அடங்கியது?

முதலில் என் அனுபவத்தைச் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். அப்பா கட்டிய வீட்டைப் பாகம் பிரிப்பதில் எனக்கும் அண்ணனுக்கும் மனஸ்தாபம். பேச்சுவார்த்தை நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. வெளியேதான் நின்றது. உள்ளே, காலையில் பல் விளக்கும்போது தொடங்கினால் ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்த பிறகும் அவரோடு வாக்குவாதம்தான், அவர் இப்படிச் சொல்வார், நான் அப்படிச் சொல்வேன், பிறகு அதைவிட நல்ல பதில் ஒன்று தோன்றும், உடனே முதலிலிருந்து மறுபடி. சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்றிருக்கிறேன். தூக்கம் போய்விட்டது.

நண்பர் ஒருவர் சொல்லி, சென்னை திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது மையத்தில் 10 நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனேன். கட்டணம் கிடையாது, ஏற்கெனவே முகாம் முடித்தவர்கள் தரும் நன்கொடையில்தான் நடக்கிறது. போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பேசக்கூடாது, சைகையும் கூடாது. விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும், ஒரு நாளில் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் உட்கார வேண்டும். முதல் மூன்றரை நாளுக்கு ஒரே வேலைதான். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மூக்கு, மேலுதடு இருக்கிற அந்தச் சின்ன இடத்தில் கவனிப்பது. மூச்சை மாற்றக் கூடாது, மந்திரம் சொல்லக் கூடாது.

வெளிச்சத்தம் எதுவும் இல்லாதபோதுதான் உள்ளே எவ்வளவு இரைச்சல் என்று தெரிகிறது. இரண்டாம் நாள் மதியம், தலைக்கு மேலே ஒரு விமானம் போகிறது, எனக்குள் "நான் அன்றைக்கே சொன்னேனே" என்று அதே வாக்கியம். ஒரு மணி நேரத்தில் அது 11 தடவை வந்தது, எண்ணினேன் (எண்ணக்கூடாதுதான், ஆனால் எண்ணிவிட்டேன்). பதினோராவது தடவை ஒன்று உறைத்தது. அண்ணன் பேசுவது போல் உள்ளே ஒரு குரல் வருகிறதே, அதுவும் நான்தான். அவர் எட்டு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பங்கையும் சேர்த்து நானே பேசி, அதற்கு நானே கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு பேச்சு நின்றதா என்றால், இல்லை. ஆனால் நடுவில் இடைவெளி வந்தது. மூன்று மூச்சு, நான்கு மூச்சு, அவ்வளவுதான். அந்த நேரத்தில் வெளியே குழாயிலிருந்து பக்கெட்டில் சொட்டும் தண்ணீரின் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. மனம் ஓடிவிட்டால் கோபப்படாமல் மறுபடி தொடங்கு என்று இந்தத் தியானத்தைக் கற்பித்த ஆசிரியர் கோயங்கா ஒலிப்பதிவில் திரும்பத் திரும்பச் சொல்வார். பத்து நாளில் நான் கற்றுக்கொண்டது அந்த "மறுபடி" ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்.

* * *

அண்ணா, நான் வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறேன், பத்து நாள் லீவெல்லாம் எனக்குக் கனவு. என் மனசு பேசுவது சண்டை இல்லை, சந்தேகம். ட்யூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால், ஏழாம் நம்பர் பெட்டுக்கு இன்சுலின் போட்டதை சார்ட்டில் எழுதினேனா, அந்தப் பாட்டியின் மகனிடம் ஸ்கேன் விஷயம் சொன்னேனா என்று வரிசையாக வரும். எல்லாம் செய்திருப்பேன், ஆனாலும் வரும்.

1927இல் ப்ளூமா ஜைகார்னிக் என்ற பெண் ஆய்வாளர், பாதியில் நின்ற வேலைகள்தான் முடிந்தவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று எழுதினார். பின்னால் அதே சோதனையைச் செய்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. என் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால் இப்போது கிளம்பும் முன் ஒரு சின்ன நோட்டில் செய்தது, அடுத்த ஷிஃப்ட்டிடம் ஒப்படைத்தது இரண்டையும் எழுதி, பேனாவால் கீழே ஒரு கோடு போடுகிறேன். அந்தக் கோடு முக்கியம். ராத்திரி சந்தேகம் வந்தால் கோடு கண்ணில் வருகிறது. எல்லா நாளும் பலிக்காது, வார்டில் யாராவது இறந்த நாளில் எந்த நோட்டும் உதவுவதில்லை. அன்றைக்கு அழுதுவிட்டுத்தான் தூங்குவேன்.

* * *

நான் திருவண்ணாமலைக்குப் போகிற ஆள். ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை இருந்த விருபாக்ஷ குகையில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வெக்கை, இருட்டில் ஒரு விளக்கு, மூடிய காதுக்குள் கேட்பது போல ஒரு ரீங்காரம். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் வந்து கேள்விகள் கேட்டபோது மகரிஷி பேசுவதில்லை, எழுதித்தான் பதில் காட்டினார். எண்ணம் வந்தால் அதன் பின்னால் போகாதே, இது யாருக்கு வந்தது என்று பார் என்பதுதான் அவர் காட்டிய வழி.

எனக்கு முதல் இரண்டு வருஷம் அது சரிப்படவே இல்லை. "யாருக்கு, யாருக்கு" என்று நான் கேட்பதே இன்னொரு பேச்சாக ஓடிக்கொண்டிருந்தது, எண்ணத்தை விரட்டக் கம்பு எடுத்தவன் மாதிரி. ஒருநாள் வீட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், பெண் கல்யாணக் கவலை வழக்கம்போல வந்தது. யாருக்கு என்று வார்த்தையாகச் சொல்லாமல் அந்தப் பக்கம் சும்மா திரும்பிப் பார்த்தேன். அங்கே சொல்ல ஒன்றும் இல்லை. கையில் ஈரமான தோல், கண்ணில் எரிச்சல், அவ்வளவுதான் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. குக்கர் விசில் வந்தது, கவலையும் வந்தது. அதுபோல அப்புறம் நாலைந்து தடவை நடந்திருக்கிறது, எதிர்பார்த்து உட்கார்ந்தால் மட்டும் நடப்பதில்லை.

* * *

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். எனக்குப் பதற்ற நோய் உண்டு, அதை மறைத்து ஒரு நீண்ட மௌன முகாமுக்குப் போனேன். ஐந்தாம் நாள் நெஞ்சு அடைத்து, செத்துவிடுவேன் என்று நடுங்கிப் பாதியில் திரும்பினேன். விண்ணப்பத்தில் மனநலப் பிரச்சினை உண்டா என்று தெளிவாகவே கேட்டிருந்தார்கள், பொய் எழுதியது என் தப்பு. உள்ளே ஓடுவது வெறும் பேச்சா, நோயா என்று நாமே முடிவு கட்டக் கூடாது. நான் டாக்டரிடம் போய் மாத்திரையும் கவுன்சலிங்கும் எடுத்த பிறகுதான் பத்து நிமிஷம் அமைதியாக உட்கார முடிகிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

* * *

மூன்று பேருக்கும் நன்றி. கடைசியாக எழுதியவருக்கு, இதைத் திறந்து சொன்னதற்கு என் வணக்கம். நானும் அந்த விண்ணப்பத்தை ஒழுங்காகப் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் என்ன ஆனார் என்று தனியாகச் சிலர் கேட்டார்கள். ஊருக்கு வந்து ஒரு வாரத்தில் உள்ளே பழைய வாக்குவாதம் திரும்பிவிட்டது. ஒருநாள் பஸ்ஸில் அது ஓடும்போதே, இப்போது அவர் குரலில் பேசுவது நான்தான் என்று தெரிந்தது, சரி, நிஜக் குரலையே கேட்போம் என்று இறங்கிய இடத்திலேயே போன் போட்டேன். ஐந்தாவது ரிங்கில் எடுத்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சாப்டியாடா" என்றார். எட்டு மாதமாக அவருக்காக நான் எத்தனையோ பதில் தயாரித்திருந்தேன், இது அதில் இல்லை. எனக்கும் பதில் வரவில்லை, "ம்" என்றேன்.

வீட்டு விஷயம் முடியவில்லை. ஆடி கழியட்டும், உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறார்.