நிவாரணப் பணிக்கு வெளிநாட்டுச் செவிலியர் செல்லத்தான் வேண்டுமா?

தென்றல்:
மதுரையில் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வெளிநாட்டு அகதிகள் முகாம் ஒன்றில் ஆரம்ப சுகாதாரப் பணிக்கு ஆறு மாத ஒப்பந்தம் வந்திருக்கிறது. "அந்த நாட்டிலேயே செவிலியர் இருக்கும்போது நீ எதற்கு?" என்று எங்கள் மேற்பார்வைச் செவிலியர் கேட்ட கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. போய் வந்தவர்களும், போகக் கூடாது என்பவர்களும் எழுதுங்கள்.

மருதன்:
அவர் கேட்டது நியாயமான கேள்வி, சகோதரி. 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய மருத்துவமனை அமெரிக்க விமானத் தாக்குதலுக்கு உள்ளாகி 42 பேர் மாண்டார்கள். அவர்களில் 14 பேர் அங்கே பணியாற்றியவர்கள். அந்தப் பதினால்வரும் ஆப்கானியர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா பரவியபோது உயிரிழந்த சுகாதாரப் பணியாளர்கள் 500க்கும் மேல். பெரும்பாலோர் அந்தந்த ஊர்க்காரர்கள். நோய் தொற்றிய வெளிநாட்டவரை ஏற்றிச் செல்லத் தனி விமானம் வந்தது, ஆனால் உள்ளூர்ச் செவிலியோ தான் பணி செய்த இடத்திலேயே நோயாளியாகப் படுத்தார். ஆபத்து ஒருவருக்கும் பெயர் இன்னொருவருக்கும் போகிற ஏற்பாட்டில் நாம் ஏன் சேர வேண்டும்?

இன்னொன்றும் சொல்கிறேன். 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் காலரா பரவி நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், கொல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கரைத்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்த உயிர்களைக் காத்தது, குவளையும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள்தாம்.

நெய்தல்:
மருதன் ஐயா சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 2017 டிசம்பரில் நான் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் இருந்தேன். அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியிலிருந்து சில மாதங்களில் மியன்மாரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டதே இல்லை. தொண்டை அடைப்பான் பரவியது. எங்களோடு இருந்த ஐரோப்பியச் செவிலியர்கள் அந்த நோயைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர்கள். வங்கதேசத்து இளம் செவிலியர்களிலும் பலர் அப்படித்தான். நான் இங்கே குழந்தைகள் வார்டில் அதைப் பார்த்திருந்தேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால், உள்நாக்கின் இரு பக்கமும் ஈரத் துணி ஒட்டியதுபோல் சாம்பல் நிறப் படலம் தெரியும். துடைக்கப் போனால் இரத்தம் கசியும்.

அதற்கான நச்சுமுறி மருந்து குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுவது. உலகம் முழுவதிலுமே இருப்பு குறைவு. ஒவ்வாமை வந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும் என்பதால், முதலில் சிறிதளவு போட்டுச் சோதித்து, பிறகு டிரிப்பில் மெதுவாக ஏற்றும் அந்தச் சில மணி நேரமும் அட்ரினலினை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு செவிலி கட்டிலை விட்டு நகராமல் இருக்க வேண்டும். முதல் வாரம் நான் உட்கார்ந்தேன், சிட்டகாங்கைச் சேர்ந்த ஒரு பெண் என் அருகில் நின்றார். மூன்றாம் வாரம் அவர் உட்கார்ந்தார். ரோஹிங்கியா பேச்சு சிட்டகாங் பேச்சுக்கு நெருக்கமானது என்பதால், "மூச்சு முட்டுகிறதா கண்ணே" என்று அவரால் பிள்ளையிடம் நேரடியாகக் கேட்க முடிந்தது. என்னால் கடைசி நாள் வரை முடியவில்லை.

மருதன்:
நீங்கள் சொல்வதே என் கட்சிக்கு வலுச் சேர்க்கிறது. அந்த நோய் தெரிந்தவர் என்பதால் உங்களுக்கு அங்கே வேலை இருந்தது. வெளிநாட்டவர் என்பதால் அல்ல. அத்தகைய தேவை இல்லாத இடங்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருவராக அனுப்புகிறார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் மருந்து அலமாரி எங்கே என்பதிலிருந்து சொல்லிக்கொடுப்பது அதே உள்ளூர்ச் செவிலிதான்.

வன்னிமகள்:
நான் தாதி அல்லள், தாதியரால் பிழைத்தவள். 2008 செப்டெம்பரில் வன்னியை விட்டு வெளியேறுமாறு இலங்கை அரசு ஐ.நா.வுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் உத்தரவிட்டபோது, கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் "போகாதேயுங்கோ" என்று மறித்து நின்ற சனத்துக்குள் என் அம்மாவும் நின்றவர். வாகனங்கள் போய்விட்டன. அந்த நிறுவனங்களில் வேலை செய்த எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் குடும்பத்தோடு உள்ளேயே நின்றுவிட நேர்ந்தது.

மருதன் அண்ணா, பிறகு பள்ளிக்கூடங்களை வைத்தியசாலையாக்கி எங்களைப் பார்த்தவர்கள் உள்ளூர் வைத்தியர்களும் தாதியருமே. அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அம்மா அந்த வாசலில் நின்றது மருந்துக்காக மட்டும் அல்ல. வெளியார் ஒருவர் பக்கத்தில் இருந்தால் குண்டு போடுகிறவன் கொஞ்சமாவது யோசிப்பான் என்றும், நடந்ததை வெளியே போய்ச் சொல்ல ஒரு வாயாவது மிஞ்சும் என்றும் அவர் நம்பினார். இங்கே வேலைப் பங்கீட்டை மட்டும் கணக்குப் பார்க்கிறீர்கள். உள்ளே இருந்தவர்களுக்கு, வெளியார் இருப்பதே பாதுகாப்பாகத் தெரிந்தது.

மருதன்:
குந்தூஸில் அந்தப் பாதுகாப்பு உதவவில்லை, தங்கையே. மருத்துவமனை இருக்கும் இடத்தை முன்கூட்டியே அறிவித்திருந்தும் தாக்கினார்கள். ஆனாலும் உங்கள் தாயார் நின்ற வாசலைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நெய்தல்:
தென்றல், போவதானால் ஒப்பந்தத்தில் உங்கள் சம்பளத்தை மட்டும் படிக்காதீர்கள். உங்களுக்குக் கீழே யார் கற்கப்போகிறார், நீங்கள் திரும்பிய பிறகு அந்தப் பொறுப்பு அவருக்குப் போகுமா என்று கேளுங்கள். நான் கேட்காமல் போனேன். சிட்டகாங் பெண்ணுக்கு அந்தப் பொறுப்பைத் தராமல், எனக்குப் பின் இன்னொரு வெளிநாட்டவரைக் கொண்டுவந்தார்கள். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

தென்றல்:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை அந்த அமைப்புக்குக் கடிதம் எழுதிவிட்டேன். நெய்தல் அக்கா சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அதோடு, முகாமை விட்டு வெளியேற வேண்டிய நாள் வந்தால் உள்ளூர்ச் செவிலியருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அதே வண்டியில் இடம் உண்டா என்றும் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே இடுகிறேன். அதுவரை கையெழுத்துப் போடுவதாக இல்லை.