இருப்பு ஒன்று: கப்பல் மின்னணு உதிரிகள் பற்றிய அனுபவப் பகிர்வு

கடலோடும் ஈ.டி.ஓ.:
சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடந்தபோது எஸ்-பேண்ட் ரேடாரில் அலையை உண்டாக்கும் குழாயான மேக்னட்ரான் ஓய்ந்தது. ஓடிய மணிக்கணக்கு தயாரிப்பாளர் குறித்த எல்லையை ஏற்கெனவே தாண்டியிருந்ததால் யாருக்கும் வியப்பில்லை; உதிரிப் பட்டியலிலும் 'இருப்பு: 1' என்றே இருந்தது. மாற்றிவிட்டு டிரான்ஸ்மிட் (அலை வீச்சு) கொடுத்ததும், மேக்னட்ரான் கரண்ட் காட்டும் பட்டை ஒருமுறை துள்ளி விழுந்தது; அலையை அனுப்பி வாங்கும் டிரான்ஸீவருக்குள் சடசடவென்று பொறியடிக்கும் ஓசை கேட்டது; உயர் மின்னழுத்தப் பகுதி தானாகவே அணைந்துகொண்டது. மறுபடி முயன்றபோதும் அதே துள்ளல், அதே ஓசை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், அதில் அச்சிட்டிருந்த தேதி நான் ஈ.டி.ஓ.வாக (மின்-தொழில்நுட்ப அதிகாரியாக) கப்பல் வேலைக்கு வருவதற்கும் முந்தையதாக இருந்தது. அருகில் நின்ற சீஃப் ஆபீசர், "உதிரி கையில் இருக்கிறது என்றுதானே சார் போன மாதமும் அறிக்கை போயிற்று?" என்று கேட்டார். அவர் குற்றம் சாட்டவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். பட்டியலைத் தயாரிக்கும் அலுவலகத்தில் எவரும் அந்த 'ஒன்று' வேலை செய்யுமா என்று கேட்டதில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பாரிமுனைக் கிடங்கு:
நண்பர் வருந்த வேண்டாம், ஆனால் அந்த மேக்னட்ரான் செத்தது என்று எப்படி முடிவுக்கு வந்தார்? நெடுநாள் சும்மா கிடந்த குழாய்க்குள் சிறிது வாயு சேர்ந்திருக்கும். உடனே உயரழுத்தம் கொடுத்தால் பொறியடிக்கத்தான் செய்யும். அலை வீசாத ஸ்டாண்ட்பை நிலையில் நீண்ட நேரம் வைத்து இழையைச் சூடேற்றி, குறுகிய பல்ஸில் (அலைத் துடிப்பில்) தொடங்கிப் படிப்படியாக ஏற்றினால் பல குழாய்கள் எழுந்து உட்காரும். என் அனுபவம் வேறு வகை: ஒரு கப்பலின் ஸ்டோரில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக அட்டைப்பெட்டிகளைக் கிழித்து வீசிவிட்டு, மேக்னட்ரான்களை இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பெரிய பெட்டி குழாயோடு உள்ள காந்தத்தை இரும்பிலிருந்து விலக்கி வைப்பதற்காகத்தான் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

எத்தனை உதிரி வைப்பது என்பதற்கு வருவோம். நான்கு கப்பல்கள், ஒவ்வொன்றிலும் ரேடார் ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடுகிறது, குழாயின் சராசரி ஆயுள் 12,000 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்குக்கும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு தேவைப்படும். ஆர்டர் கொடுத்தால் வந்து சேர மூன்று மாதம் ஆகுமென்றால், அந்தக் காலத்தில் எதிர்பார்க்கும் தேவை அரை குழாய். பாய்சான் என்ற நிகழ்தகவுக் கணக்கின்படி ஒன்று இருந்தால் 91 விழுக்காடு நேரம் போதும், இரண்டு இருந்தால் 98-ஐத் தாண்டும். ஆகவே ஒவ்வொரு கப்பலிலும் ஒன்றைப் பூட்டி வைத்துப் பழசாக்குவதைவிட, கரையில் பொதுவாக இரண்டை வைத்துச் சுழற்சியில் அனுப்புவதே சிக்கனம். மேலாளர்கள் எண்ணிக்கையைப் பார்க்கிறார்களே தவிர, பொருள் வந்து சேரும் காலத்தைப் பார்ப்பதில்லை.

எண்ணூர் ஏஜெண்டு:
கரையில் வைத்துக்கொண்டால் போதும் என்பவர் ஒரு நாள் என்னோடு மீனம்பாக்கம் சரக்கு முனையத்துக்கு வர வேண்டும். கைரோ திசைகாட்டிக்கான பவர் சப்ளை அட்டை ஒன்று சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிவிட்டது. தாள்களில் சென்னைத் துறைமுகம் என்று இருந்தது. இதற்குள் பெர்த் (கப்பல் அணையும் இடம்) மாறிக் கப்பல் எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போயிருந்தது. தாள்களைத் திருத்தி வாங்கிக்கொண்டு, லாரிகள் நெருக்கும் எண்ணூர்ச் சாலையைக் கடந்து வாயிலை அடைந்தபோது கப்பலை வெளியே கொண்டுபோகும் துறைமுக பைலட் ஏறிவிட்டார் என்றார்கள். பெட்டி என் மடியில் இருந்தது, கப்பல் கண்ணெதிரே திரும்பிக்கொண்டிருந்தது. விமானத்தில் ஆன நேரத்தைவிட மீனம்பாக்கத்திலிருந்து கப்பல் படிக்கட்டு வரை ஆகும் நேரமே அதிகம் என்பதை எந்தக் கணக்குத்தாளிலும் நான் கண்டதில்லை.

ஓய்வுபெற்ற ரேடியோ அதிகாரி:
பாரிமுனை நண்பரின் பெருக்கல் சரி, பொருத்திய இடம் தவறு. பாய்சான் கணக்கு முன்னறிவிப்பின்றிச் சாகும் பொருளுக்கு உரியது. சர்க்யூட் அட்டைகளுக்கு அது பொருந்தும். மேக்னட்ரான் தேய்ந்து சாகிறது, அதற்கு மணிக்கணக்கு மீட்டரே கப்பலில் இருக்கிறது. 10,000 மணி தாண்டிய குழாய்க்குப் புதியதை வாங்கி வைக்கச் சதவிகிதம் எதற்கு? மேலும், புத்தகத்தில் போட்டிருக்கும் ஆயுள், மாஸ்டில் அதிர்வையும் உப்புக் காற்றையும் தின்னும் பெட்டிக்குப் பொருந்துமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

அட்டைகள் அலமாரியிலேயே கெடுவதையும் மறக்கக் கூடாது. பயணத் தரவைப் பதியும் வி.டி.ஆர். ஒன்றின் பவர் சப்ளை நின்றபோது, உறை பிரிக்காத உதிரி அட்டையைப் போட்டோம், அதுவும் எழவில்லை. திறந்து பார்த்தால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் (மின்தேக்கிகளின்) தலை உப்பியிருந்தது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையை வாங்கி மாற்றியதும் விளக்கு எரிந்தது. பழையவை 85 டிகிரி வகை. வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பழைய கணக்கு. சூடேறும் எஞ்சின் கேஸிங்கை (எஞ்சின் அறைக்கு மேலுள்ள கூண்டை) ஒட்டிய ஸ்டோரில் உதிரி வைப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற உலகக் கடல் ஆபத்துத் தொடர்பு முறையின் கருவிகளுக்கோ விதியே வழி சொல்கிறது: கரை வானொலி எட்டாத, செயற்கைக்கோள் எட்டும் ஏ3 கடற்பகுதிக்குப் போகும் கப்பலில், இரட்டைக் கருவி, கரைப் பராமரிப்பு, கடலிலேயே பழுது பார்த்தல் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாக வேண்டும். பெரும்பாலோர் முதல் இரண்டைத் தேர்ந்தெடுப்பதால்தான் கப்பலில் உதிரியும் குறைந்தது, அதைப் பொருத்தத் தெரிந்த கையும் குறைந்தது.

கடலோடும் ஈ.டி.ஓ.:
கிடங்கு நண்பருக்கு: ஸ்டாண்ட்பையில் இரவு முழுதும் வைத்தோம், குறுகிய பல்ஸில்தான் தொடங்கினோம், எழவில்லை. கருவி பழுதானதை மட்டும் காரணம் காட்டிக் கப்பலைத் தடுக்கக் கூடாது என்று சோலாஸ் (கடல் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம்) ஐந்தாம் அத்தியாயம், 16-ஆம் விதி சொல்வது, பழுதுபார்க்கும் வசதி எளிதில் கிடைக்காத துறைமுகத்துக்குத்தான். சென்னையில் இருந்துகொண்டு அதைக் காட்ட முடியாது. கரையிலிருந்து வேறொரு குழாய் வரும்வரை நங்கூரத்திலேயே கிடந்தோம். எழாத அந்த உதிரிக் குழாயைக் கரைக்கு அனுப்பிவிட்டோம்; ஆனாலும் அடுத்த மாதப் பட்டியலில் 'இருப்பு: 1' என்றே அச்சாகி வந்தது.