கோயம்புத்தூர் தொழில்நகரமாக வளர்ந்தபோது பரந்தன் ஏன் சந்தியாகவே நின்றது?

கண்டாவளை ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். இலங்கையின் வடக்கே கிளிநொச்சி மாவட்டப் பாடசாலை ஒன்றில் உயர்தர மாணவருக்குப் பொறியியல் தொழினுட்பவியல் கற்பிக்கிறேன். பரந்தனிலும் மாங்குளத்திலும் முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படும் என்ற அறிவிப்பைப் பற்றி வகுப்பில் பேச்சு எழுந்தபோது, மாணவி ஒருவர் கேட்ட கேள்வியை இங்கே முன்வைக்கிறேன்.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950களிலேயே எழுந்தது. அதற்குப் பக்கத்தில் ஆனையிறவு உப்பு இருந்தது, புகையிரதப் பாதை இருந்தது, அரசின் முதலீடும் இருந்தது. கோயம்புத்தூருக்கோ துறைமுகம் இல்லை, நிலக்கரி இல்லை, இரும்புத்தாது இல்லை, மழைகூடக் குறைவு. அப்படியிருந்தும் அது நூற்பாலை, மோட்டார், பம்பு, வார்ப்படம், கிரைண்டர் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்துப் பெருநகரமாகிவிட்டது. பரந்தன் மட்டும் ஏன் வெறும் வீதிச் சந்தியாகவே நின்றது? போரைக் காரணம் காட்டிவிட்டு நாம் பேச்சை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் தொழிற்சாலை நின்றது 1980களின் நடுப்பகுதியில். அதற்கு முந்திய கால் நூற்றாண்டில் அதைச் சுற்றி ஏன் ஒன்றும் முளைக்கவில்லை என்பதே அந்தப் பிள்ளையின் கேள்வி.

என்னுடைய கேள்வி இதன் தொடர்ச்சி. கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் இருக்கிறது, இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. அங்கே கற்று வெளியேறுகிறவர்களிற் பலர் கொழும்புக்கோ கடல் கடந்தோ போய்விடுகிறார்கள். அவர்களை இங்கே நிறுத்துவதற்கு முதலில் வர வேண்டியது பெரிய தொழிற்சாலையா, வேறு ஏதேனுமா?

மாங்குளம் லேத்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். இடம்பெயர்ந்து தமிழ்நாட்டுக்குப் போன காலத்தில் கோவை கணபதிப் பக்கத்தில் முதலில் வார்ப்படப் பட்டறையிலும் பிறகு லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறையிலும் வேலை செய்தேன். இப்போது மாங்குளத்தில் சிறிய லேத் ஒன்று வைத்திருக்கிறேன். கண்ணால் கண்டதைக் கொண்டு எழுதுகிறேன்.

கோயம்புத்தூரின் கதை ஆலையில் தொடங்கவில்லை, கிணற்றில் தொடங்குகிறது. அங்கே கம்போடியாப் பருத்தி நன்றாக விளைந்தது. ஆனால் அதற்குக் கிணற்று நீர் வேண்டும், கிணறோ பாறையைக் குடைந்து ஆழமாகப் போக வேண்டும். மாடு பூட்டிக் கவலை (தோற்பையால் கிணற்று நீரை மேலே இழுக்கும் முறை) இறைத்துப் பருத்தி வளர்த்த கமக்காரக் குடும்பங்களின் கையிற் சேர்ந்த பணம்தான் பின்னர் ஆலைகளுக்கு முதலாகியது. ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1888இல் முதல் நூற்பாலையைத் தொடங்கினார் என்றாலும், 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகே ஆலைகள் வரிசையாக எழுந்தன. அதே மின்சாரம் கமக்காரனின் கிணற்றடிக்கும் வந்தது. 1937இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூரிலேயே மின்மோட்டாரைச் செய்தபோது, அதை வாங்குவதற்கு ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான கிணறுகள் காத்திருந்தன.

அடுத்தது பழுதுபார்ப்பு. ஆலை இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. பல்சக்கரம் ஒன்று தேய்ந்தால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அந்தக் கப்பலும் நிச்சயமில்லாமற் போனது. ஆகவே உள்ளூர்ப் பட்டறைகள் உதிரிப்பாகத்தைப் பார்த்துச் செய்யப் பழகின. பிறகு பாகங்களைச் சேர்த்து இயந்திரத்தையே செய்தன. 1962இல் லட்சுமி மெசின் ஒர்க்ஸ் தொடங்கி நூற்பு இயந்திரங்களையே உற்பத்தி செய்யும் நிலை வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா இறக்குமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தமையும் இவர்களுக்குப் பெரும் பாதுகாப்பு. அதை மறைத்துவிட்டு உழைப்பை மட்டும் புகழ்வது நியாயமாகாது.

வெளியூரார் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. அங்கே ஒரு பம்பு முழுவதும் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. வார்ப்புக்கான மாதிரியுருவை, அதாவது பேட்டனை, மரத்தில் செதுக்குகிறவர் ஒரு தெருவில் இருப்பார். மண் அச்சில் இரும்பை ஊற்றுவது வேறிடம். ஊற்றிய வார்ப்பின் பிசிறை உளியாலும் கிரைண்டிங் கல்லாலும் நீக்குவது இன்னோரிடம். தண்டு கடைவது ஒருவர், துளையிடுவது மற்றொருவர், செப்புக் கம்பி சுற்றுவது வேறொரு வீட்டின் முன்கூடம். இதை ‘ஜாப் ஆர்டர்’ என்பார்கள். நான் வேலை செய்த இடத்தில் ஒரே ஒரு லேத்; முதலாளியும் நானும் தண்டு மட்டுமே கடைந்தோம். துளை சற்று விலகியிருந்தால், வார்த்தவரே சைக்கிளில் வந்து, வார்ப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, துளைக்காக அச்சின் உள்ளே வைக்கும் கோர் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த வார்ப்பு சரியாக வரும். தொழில் தொடங்க ஒரே ஓர் இயந்திரம் போதும் என்பதால், நேற்றைய தொழிலாளி இன்று முதலாளியாவது அங்கே அதிசயமன்று.

புதியது பிறப்பதும் இப்படித்தான். 1955இல் சபாபதி என்பவர் மாவரைக்கும் ஆட்டுக்கல்லை மின்மோட்டாருடன் இணைத்தார். மோட்டார் பக்கத்துத் தெருவில் இருந்தது, கல் ஊத்துக்குளிப் பக்கத்தில் கிடைத்தது, வார்ப்பவரும் கடைபவரும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தார்கள். வேறோர் ஊரில் அதே எண்ணம் ஒருவருக்குத் தோன்றியிருந்தால், எண்ணத்தோடு நின்றிருக்கும்.

கல்லூரிகளைப் பற்றிக் கேட்டீர்கள். பி. எஸ். ஜி. தொழினுட்பக் கல்லூரி 1951இல் வந்தது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் 1956இல் வந்தது. இரண்டும் பட்டறைகளுக்குப் பின்னால் வந்தவை. ஆனால் 1926இல் அமைந்த பி. எஸ். ஜி. அறநிலையத்தின் தொழிற்பயிற்சிக் கூடத்தில், மாணவர்கள் விற்பனைக்கான பொருளைச் செய்தே தொழிலைக் கற்றார்கள். அறிவியல் நகரில் பயில்கிறவர்கள் செய்யும் பொருள் எந்தக் கடையில் விலைக்குக் கிடைக்கிறது என்று உங்கள் மாணவியிடம் கேட்டுப் பாருங்கள்.

உப்பளக் காற்று:

என் தகப்பனார் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்பதால் அந்தப் பக்கத்தை நான் சொல்லலாம்.

அங்கே நடந்த வேலை இதுதான்: ஆனையிறவு உப்பைக் கரைத்துத் தெளியவைத்து, அந்தக் கரைசலினூடாக மின்சாரத்தைச் செலுத்தினால், ஒரு பக்கம் எரிசோடாவும் மறுபக்கம் குளோரினும் கிடைக்கும். எரிசோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் வேண்டும். குளோரின் குடிநீரைச் சுத்திகரிக்க வேண்டும். இவற்றை வாங்குகிறவர் எவரும் வன்னியில், அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு சூழ்ந்த நம் பகுதியில், இல்லை. உப்பு மட்டும் நம்முடையது. பெரும் அளவில் மின்சாரம் வெளியே இருந்து வந்தது, விளைபொருளும் வெளியே போனது. பரந்தன் கமக்காரனின் வயலுக்கோ கிணற்றுக்கோ அந்தத் தொழிற்சாலைக்குள் நடந்த எதனாலும் ஒரு பயனுமில்லை. வயலில் உடைந்த பாகத்தை உள்ளே கொண்டுபோய்த் திருத்தவும் முடியாது. உதிரிப்பாகங்கள் அரசு கேள்விப்பத்திரம் (டெண்டர்) மூலம் கொழும்பில் வாங்கப்பட்டன. அப்படியிருக்க, வாசலில் தேநீர்க் கடையைத் தவிர வேறென்ன முளைத்திருக்கும்? அந்தக் கம்பனி இன்றும் குளோரினை இறக்குமதி செய்து விற்கிறது என்பதையும் மாணவிக்குச் சொல்லுங்கள்.

ஆக, கேள்விக்கான விடையில் பாதி, தொழிற்சாலையின் அளவில் அல்ல, அதன் வாடிக்கையாளர் எங்கே இருந்தார் என்பதில் உள்ளது. மறுபாதியை, போரின்போது அரசு நம் பகுதிக்கு விதித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் தேடலாம். பெற்றோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில் வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, இயந்திரம் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றறி இல்லாத வானொலி சைக்கிள் டைனமோவில் பாடியது. கோவைக்காரர் போர்க்காலத்தில் பல்சக்கரம் செய்ததற்கும் இதற்கும் அறிவில் ஒரு குறைவும் இல்லை.

ஆனால் 2002இல் போர்நிறுத்தத்தோடு, வன்னியைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தபோது, கொழும்புச் சாமான்களோடு அந்தக் கைவண்ணத்தின் தேவை முடிந்துவிட்டது. மண்ணெண்ணெய்க் காபரேற்றரை விலைகொடுத்து வாங்க எவரும் இல்லை. தட்டுப்பாட்டிற் பிறந்த திறமை தொழிலாக மாற வேண்டுமானால், தட்டுப்பாடு நீங்கிய பிறகும் அந்தப் பொருளுக்கு வாங்குநர் இருக்க வேண்டும். அதைச் செய்தவனுக்கு அடுத்த பொருளுக்கு மாறும் வரை தாக்குப்பிடிக்க முதல் வேண்டும். நமக்கு இரண்டும் வாய்க்கவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு இங்கே பொறுக்கிய பழைய இரும்பு எல்லாம் லொறி லொறியாகத் தெற்குக்குப் போனது. நாம் இரும்பை நிறையில் விற்றோம், பம்பை எண்ணிக்கையில் வாங்கினோம்.

முத்தையன்கட்டுத் தையல்:

எழுதிய இருவரும் கோயம்புத்தூரைக் கொஞ்சம் கூடுதலாகவே மெச்சுகிறீர்கள். மறுபக்கத்தையும் மாணவி தெரிந்துகொள்ளட்டும்.

1974இல் தேசியமயமாக்கப்பட்ட ஆலைகள் அங்கே மெல்ல மெல்ல நலிந்து, 2020 ஊரடங்கில் நின்ற பிறகு பழையபடி ஓடவே இல்லை. அந்தப் பிராந்தியத்து நூற்பாலைகள் சிலவற்றில், திருமணச் செலவுக்குப் பணம் தருவதாகக் கூறி இளம் பெண்களை ஆண்டுக்கணக்கில் விடுதிக்குள் வைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’ பற்றியும் பேசுங்கள். பக்கத்துத் திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. கனகராயன் ஆறு மாங்குளப் பகுதியைக் கடந்தே இரணைமடுக் குளத்துக்கு வருகிறது. மேலே என்ன தொழில் வரப்போகிறது என்று கீழே சிறுபோகம் (கோடைப் பருவ நெல்) செய்கிறவர்கள் இப்போதே கேட்க வேண்டும். கட்டடம் எழுந்த பிறகு கேட்பதிற் பயனில்லை.

நானும் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். விடியுமுன் பேருந்து வரும், மாதம் முடியச் சம்பளம் வரும். போருக்குப் பின் குடும்பத்தைத் தனியாகத் தாங்கிய பெண்களுக்கு அந்தச் சம்பளம் எவ்வளவு பெரியது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் துணி, நூல், ஊசி, வடிவம் எல்லாமே வெளியே இருந்து வந்தன. நான் கற்றது கைப்பட்டியை இணைக்கும் ஒரே தையல். பரந்தன் உப்பும் நாங்களும் ஒரே நிலைதான். வேலையை விட்டு வந்து சொந்தமாகத் தைக்கத் தொடங்கியபோது, சட்டை வெட்டுவதை அயலில் ஓர் அக்காவிடம்தான் முதலிலிருந்து படித்தேன்.

இன்னொன்று: அண்ணை எழுதிய அந்தப் பட்டறைத் தெருவில் பெண் முதலாளிகள் எத்தனை பேர்? வங்கியில் கடன் கேட்டால், சம்பளம் எடுக்கும் அரச உத்தியோகத்தர் இருவரைப் பிணைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். கணவனை இழந்தவள் யாரிடம் போவாள்?

மாங்குளம் லேத்:

தங்கச்சி சொன்னது சரி. கம்பி சுற்றும் கூடங்களிற் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். லேத்துக்குச் சொந்தக்காரியாக ஒருவரையும் நான் காணவில்லை. பிணை விடயத்தில் என் அனுபவமும் அதுவே. இயந்திரத்தையே ஈடாக ஏற்றுக்கொண்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

கண்டாவளை ஆசிரியர்:

மூவருக்கும் நன்றி. விடைகளை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். மாணவர்கள் இப்போது கச்சான் (நிலக்கடலை) உடைக்கும் இயந்திரம் ஒன்றை வடிவமைக்க விரும்புகிறார்கள். விசுவமடு, ஒட்டுசுட்டான் பக்கத்தில் கச்சான் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கையால் கோது நீக்குவது பெரும்பாலும் பெண்களின் வேலை. சந்தையிலுள்ள இயந்திரங்களிற் பருப்பு உடைவது கூடுதல் என்கிறார்கள். கணினியில் வரைந்துவிட்டார்கள், முப்பரிமாண அச்சில் மாதிரியும் எடுக்கலாம். அதன்பின் என்ன செய்வது?

மாங்குளம் லேத்:

ஐயா, அச்சில் எடுக்கும் பிளாஸ்ரிக் மாதிரி கையிற் பிடித்துப் பார்க்க உதவும். கச்சான் கோதின் உராய்வுக்கு நீண்ட நாள் நிற்காது. ஆனால் அதையே பேட்டனாக வைத்து மண் அச்செடுத்து அலுமினியத்தில் வார்க்கலாம். இரும்பை உருக்கப் பெரிய உலையும் கற்கரியோ பெரும் மின்சாரமோ வேண்டும். அலுமினியத்துக்குச் சிறிய உலையும் பழைய பிஸ்ரன்களும் போதும். வார்ப்பு குளிரும்போது சுருங்கும் என்பதால் மாதிரியை அதற்கேற்பச் சற்றுப் பெரிதாக வரையச் சொல்லுங்கள்.

பருப்பு உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் உருளைக்கும் சல்லடைக்கும் இடையிலுள்ள இடைவெளியும், சுழலும் வேகமும். நம் கச்சான் எல்லாம் ஒரே பருமன் அல்ல; ஆகையால் இடைவெளியைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கும்படி வையுங்கள். கச்சானின் ஈரப்பதமும் முக்கியம், அதை உடைக்கிற பெண்களுக்கே நன்றாகத் தெரியும். முதல் மாதிரியைப் பாடசாலைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக முன்னர், ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டில் ஓர் அறுவடைக்காலம் விட்டுவைத்து, எது உடைந்தது என்று எழுதி வாங்குங்கள். தண்டை நான் கடைந்து தருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம், இரும்புக்கு மட்டும் காசு தாருங்கள். இரண்டாவது இயந்திரத்துக்குக் கூலி எடுப்பேன்.

முத்தையன்கட்டுத் தையல்:

சோதித்துப் பார்க்க எங்கள் வீட்டுக்கே கொண்டுவரலாம். அம்மாவும் அயலவர்களும் உடைக்கிறார்கள். விலை எவ்வளவு வரும், தவணைக்குத் தருவீர்களா என்று அம்மா இப்போதே கேட்கிறார்.