இரட்டை நுண்துளைமை மாடல்: டெரிவேட்டிவ் பள்ளம் 5 மடங்கு தள்ளி விழுகிறது

கருங்கல்தூசி:
விரிசல் விட்ட பாறைக்கு எக்லிப்ஸ் என்ற எண்ணெய் வயல் சிமுலேட்டரில் ஒற்றைக் கிணறு மாடல் போட்டிருக்கிறேன். விரிசலையும் பாறையையும் தனித்தனித் துளை அமைப்பாக எடுக்கும் இரட்டை நுண்துளைமை மாடல் இது. எண்ணெய் மட்டும்தான், நீர் இல்லை. மேட்ரிக்ஸ் பிளாக் (விரிசல்களுக்கு நடுவே உள்ள பாறைத்துண்டு) 3 மீட்டர் கனசதுரம். டிராடவுன் (எண்ணெய் எடுக்கும்போது கிணற்றின் அழுத்தம் இறங்குவதைப் பார்க்கும் சோதனை) ஓடவிட்டு, இதே வகைப் பாறைக்கான வாரன்-ரூட் கணிதத் தீர்வைப் பைதானில் எழுதி அதோடு ஒப்பிடுகிறேன். டெரிவேட்டிவ் (நேரத்தின் மடக்கைக்கு எதிரான அழுத்த மாற்ற வீதம்) முதலிலும் கடைசியிலும் அதே மட்டத்தில் நிற்கிறது, நடுவில் உள்ள பள்ளத்தின் ஆழமும் சரி. ஆனால் பள்ளம் சிமுலேட்டரில் 5 மடங்கு பிந்தி விழுகிறது. டைம் ஸ்டெப்பைக் குறைத்தேன், கிரிட்டைப் பொடியாக்கினேன், அசையவில்லை.

ஊற்றுக்கண்:
விரிசல் பெர்மியபிலிட்டியை (திரவத்தைக் கடத்தும் திறனை) பாருங்கள். நீங்கள் கொடுக்கும் எண்ணை எக்லிப்ஸ் விரிசல் நுண்துளைமையால் தானாகவே பெருக்கிக்கொள்ளும். வேண்டாம் என்றால் என்ஓடிபிபிஎம் (NODPPM) என்ற கட்டளைச் சொல்லைப் போட வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கருங்கல்தூசி:
அது முதலிலேயே போட்டாச்சு.

தொல்பாறை:
அந்தக் கோளாறாக இருந்தால் டெரிவேட்டிவ் மட்டமே ஏறியிருக்கும். மட்டம் பொருந்துவதால் விரிசல் பக்கம் வம்பில்லை. பள்ளத்தின் ஆழம் பொருந்துவதால் ஒமேகாவும் (மொத்தச் சேமிப்பில் விரிசலின் பங்கு) சரி. மிச்சம் லாம்டா, அதாவது மேட்ரிக்ஸிலிருந்து விரிசலுக்கு எண்ணெய் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதன் அளவு. அதற்குள் வரும் சிக்மாவை (பிளாக்கின் அளவையும் வடிவத்தையும் சொல்லும் எண்ணை) எப்படிக் கணக்கிட்டீர்கள்?

கருங்கல்தூசி:
சிமுலேட்டருக்கு கசெமி சூத்திரம்: 4 × (1/9 + 1/9 + 1/9) = 1.33. பைதானில் வாரன்-ரூட் 1963 கட்டுரையில் உள்ளபடி 60/9 = 6.67.

தொல்பாறை:
வகுத்துப் பாருங்கள், சரியாக 5! ஒரே கனசதுரத்துக்கு இரண்டு சூத்திரம். லிம்-அஸீஸ் 1995 சூத்திரத்தில் போட்டால் 3.29 வரும். எது சரி என்று சண்டை போட்டுப் பயனில்லை. கிணற்றுச் சோதனை லாம்டாவைத்தான் தரும், அதில் சிக்மாவும் மேட்ரிக்ஸ் பெர்மியபிலிட்டியும் பெருக்கலாக ஒட்டிக்கிடக்கும். அதிலிருந்து பிளாக் அளவைத் தனியே பிரிக்க முடியாது. அந்த 3 மீட்டர் என்ற அளவு, கோர் (கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறை), இமேஜ் லாக் (கிணற்றுச் சுவரின் படம்) மாதிரி வேறிடத்திலிருந்து வர வேண்டும்.

கருங்கல்தூசி:
இரண்டிலும் 1.33 கொடுத்தேன், வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டன. நன்றி அண்ணா. அப்புறம், அடுத்து நீர் செலுத்தப் போகிறேன். இதே சிக்மா போதுமா?

தொல்பாறை:
நம்ப மாட்டேன். நீர் மேட்ரிக்ஸுக்குள் உறிஞ்சப்படும்போது நுண்குழல் விசையும் புவியீர்ப்பும் சேர்ந்துகொள்ளும், ஒற்றை எண் தாங்காது. ஒரே ஒரு பிளாக்கை நுண்கிரிட்டில் தனியாக ஓடவிட்டு, எண்ணெய் வெளியேறும் வளைவுக்குப் பொருந்தும்படி சிக்மாவை எடுங்கள். ஈரானின் அஸ்மாரி சுண்ணாம்புக்கல் மாதிரிப் பாறைக்கு இது ஓடும். காவிரிப் படுகையின் மாதானம் வயல் போன்ற அடிப்பாறை (படிவுகளுக்கு அடியில் உள்ள கடினப் பாறை) என்றால் மேட்ரிக்ஸில் எண்ணெய் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. உங்களுடையது எந்த வகை?